இரண்டாவது காம்பராவுக்கு வந்தவர்கள்

பதுளை பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால் ஒரு நெட் கபே இருந்தது. அங்கே ஒரு கணனித் திரையில் மூன்று சின்னக் கட்டங்கள் தெரிந்தன. நீங்கள் பயணிகளுக்குத் தங்கக் கொடுக்கப்போகும் இடம் உங்கள் சொந்த வீடா, வாடகை வீடா, வேறு யாருடையதாவதா என்று கேட்டிருந்தது. கடைக்காரர் கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது உங்கட வீடுதானே?"

"ஆமாங்க, எங்க வீடுதான். தாத்தா காலத்துல இருந்து அங்கதான் இருக்கோம்."

அவர் முதல் கட்டத்தை அழுத்தினார்.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் லயம் ஒரே கூரை போட்ட நீள வீடு, அதில் வரிசையாகக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பரா. இரண்டாவதில் தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், அக்காவும் நானும் அதிலேயே பிறந்தோம். சுவரும் தகரமும் கம்பெனிக்குச் சொந்தம், வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யும்வரைதான் அந்தக் காம்பரா நமக்கு என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் எங்க வீடு என்போம். வாசலில் மண் சரிந்தால் நாங்களே அள்ளினோம். தகரம் ஒழுகினால் நாங்களே தார் பூசினோம். அதனால் அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு விநாடிகூட யோசனை வரவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்தில் பேர் பதிந்தேன், மூன்று மாதத்தில் ஓடினேன். பசறை பஸ்ஸில் கொஞ்ச நாள் டிக்கெட் கிழித்தேன். பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். கொழும்பில் மூட்டை தூக்கினேன். நடுவில் ஒரு முறை திரும்பி வந்து மறுபடி பேர் பதிந்து, மறுபடி ஓடினேன். ஆறு மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கடைசியாக நீர்கொழும்புப் பக்கம், கடற்கரையில் ஒரு விடுதியில் அறை கூட்டினேன். ஆங்கிலம் என்று எனக்கு வாய்த்ததெல்லாம் அங்கே காதில் விழுந்ததுதான்.

அந்த விடுதிக்கு மாலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சாப்பிட மட்டும் வருவாள். தங்குவது பக்கத்து மீன்காரர் வீட்டில். எப்படி அந்த வீடு கிடைத்தது என்று கேட்டேன். இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது, வீட்டில் ஓர் அறை வைத்திருப்பவர்கள் படத்தோடு போடுவார்கள், பயணம் போகிறவர்கள் பார்த்து எழுதிக் கேட்பார்கள், ஹோட்டலும் இல்லை, தரகரும் இல்லை, ஆளுக்கு ஆள் நேராகப் பேசிக்கொள்வது என்றாள். தங்கிப் போனவர் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதி நட்சத்திரம் போடுவாராம். அதைப் பார்த்து அடுத்தவர் வருவாராம். எங்கள் விடுதி முதலாளி அந்தத் தளத்தைத் தினமும் திட்டுவார். எனக்கோ அது பிடித்துப்போயிற்று. தாத்தா காலத்தில் கங்காணி, பிறகு கணக்கப்பிள்ளை, கொழும்பில் மேஸ்திரி, விடுதியில் மேனேஜர் என்று எனக்கும் உலகத்துக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். நடுவில் ஆளே இல்லாத ஒன்றை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு ஊருக்கு வந்தேன். அத்தான் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அக்கா கொழுந்து எடுத்து ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மகள் பதுளையில் ஏ.எல்., பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, படித்தாள். தினமும் விடியற்காலை பஸ்ஸில் போய், பின்னேரம் நாலரை பஸ்ஸில் வருவாள். எங்கள் லயத்தில் ஏ.எல். வரை போன முதல் பிள்ளை அவள்தான். பரீட்சை பாஸானால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போடலாம். டியூஷன் இல்லாமல் பாஸாக முடியாது, டியூஷனுக்கு அக்காவின் சம்பளம் எட்டாது. பத்தொன்பது வயதில் ஒரு பெண் தோட்டத்தில் பேர் பதியாமல் இருப்பதே லயத்தில் பலருக்கு உறுத்தலாக இருந்தது. அக்காவுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். மகளின் பேர் தோட்டத்து ஆள்களைப் பதிகிற அந்தச் செக்ரோல் புத்தகத்தில் ஏறக்கூடாது.

எங்கள் தோட்டத்துக்கு மேலே நமுனுகுலை மலை. ஏறிப் பார்க்க அவ்வப்போது வெள்ளைக்காரர்கள் வருவார்கள், தங்க இடமில்லாமல் அன்றே பதுளைக்குத் திரும்புவார்கள். எனக்கு அந்தத் தளம் ஞாபகம் வந்தது.

நெட் கபே வைத்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் எழுதினார். எனக்கு இமெயில் கிடையாது, தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் எடுக்காது. ஆகவே கடையின் இமெயிலையே கொடுத்தார். யாராவது கேட்டு எழுதினால் அவர் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏற வரும் அக்கா மகளிடம் சொல்லிவிடுவார், அவள் வந்து எங்களிடம் சொல்வாள் என்று ஏற்பாடு.

"வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டும் எழுத வேணும். சனம் அதைத்தான் முதல்ல பாக்கும்."

"அக்கா இருக்கு. ஏ.எல். படிக்கிற புள்ள ஒண்ணு இருக்கு, இங்கிலீஸ் பேசும்னு போடுங்க."

"நீர் இல்லையோ?"

"நான் இருப்பேன், போயிருவேன். என்னைய போடாதீங்க."

வழியும் எழுதினோம். பசறை பஸ்ஸில் ஏறி, கொழுந்து நிறுக்கிற மடுவம் இருக்கும் ரோட்டு முடக்கில் இறங்கி, படிக்கட்டில் ஏறினால் மூன்றாவது லயம், இரண்டாவது கதவு. தோட்டத்தின் பேரையும் போட்டோம். பேர் இல்லாமல் எப்படி வருவார்கள்?

முதலில் வந்தவள் ஐம்பது வயது வெள்ளைக்காரி, தனியாக வந்தாள். காம்பராவில் இருந்த ஒரே கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு அக்காவும் மகளும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தார்கள். நான் பக்கத்துக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் படுத்தேன். அவள் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளித்தாள், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டாள், அக்காவோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துப் பார்த்தாள். பக்கத்துக் காம்பராக்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன மதினி, அந்தக் காலத்துத் தொரச்சாணி திரும்பி வந்துட்டா போல? வந்ததுதான் வந்தா, பங்களாவ விட்டுட்டு ஒங்க வீட்டுக்கா வந்தா?"

"பங்களால கட்டெறும்பாம். இங்க மூட்டப்பூச்சி மட்டுந்தான்னு சொன்னேன், வந்துட்டா."

"எனக்கும் ஒண்ண புடிச்சுக் குடுங்க. ஆம்பளையா இருந்தாலும் பரவாயில்ல."

அந்தப் பெண் ஊருக்குப் போய் எங்களைப் பற்றி எழுதினாள். கடைக்காரர் அச்செடுத்துக் கொடுத்தார், அக்கா மகள் படித்துத் தமிழில் சொன்னாள். ஐந்து நட்சத்திரம். தன் வாழ்நாளில் இப்படி ஒரு வீட்டில் இருந்ததில்லை என்று எழுதியிருந்தாள். கூடை சுமந்து நிற்கும் அக்காவின் படத்தையும் போட்டிருந்தாள். அக்கா அந்தத் தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த மூன்று மாதத்தில் ஐந்தாறு பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் நல்லபடியாகவே எழுதினார்கள். அவர்கள் கொடுத்த காசில் அக்கா மகள் பதுளையில் சனி ஞாயிறு வகுப்புக்குச் சேர்ந்தாள்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், கணக்கப்பிள்ளை அக்காவை மட்டும் தனியாக நிற்கச் சொன்னார். தோட்டத்தை நடத்தும் துரை ஆபீசுக்கு வரச் சொன்னாராம். நானும் கூடப் போனேன்.

துரை இளவயதுக்காரர், சிங்களவர், தமிழ் பேசுவார். கோபமாக இல்லை. மேசைமேல் சில தாள்களை விரித்தார். எல்லாம் அந்தத் தளத்தில் இருந்த எங்கள் பக்கம்தான். அக்காவின் படம், காம்பராவின் கதவு, ஐந்து நட்சத்திரங்கள். பழைய பங்களாவை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடக் கம்பெனி யோசித்து, இந்த வட்டாரத்தில் வேறு என்ன இடம் இருக்கிறது என்று இணையத்தில் கொழும்பில் யாரோ தேடியிருக்கிறார்கள். முதலில் வந்து நின்றது எங்கள் காம்பரா.

"இது யார் போட்டது?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டார். "சொந்த வீடு எண்டு இருக்கு. இது ஒங்க வீடா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு வாயில் வந்த பதில் ஆமாங்க என்பதுதான். அதை விழுங்கினேன்.

"இல்லீங்க. தோட்டத்து வீடு."

"கம்பெனி வீடு. போலீசுல பதியாம வெளி ஆள் படுக்குது. ஒண்ணு நடந்தா யாரு பொறுப்பு? இத எடுத்துப்போடு. இதுக்குப் பொறகு ஒரு ஆள் வந்து தங்கினா காம்பராவ எழுதி வாங்கிருவேன். சரியா?"

சரி என்றோம். நியாயமாகத்தான் சொன்னார். அழிக்க ஐந்து நிமிஷம் ஆகும் என்று நினைத்து அன்றே பதுளைக்குப் பஸ் ஏறினேன்.

நெட் கபே பூட்டியிருந்தது. பக்கத்தில் துணிக்கடை, இந்தியாவிலிருந்து வந்த செட்டியார் குடும்பத்துடையது. கல்லாவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"அவரு போயிட்டாரேப்பா. மக கனடாவுல கூப்பிட்டுக்கிச்சு. கம்ப்யூட்டரெல்லாம் வித்துட்டாரு. போன வெள்ளிக்கிழமதான் பயணம் சொல்லிட்டுப் போனாரு."

"போன் நம்பர் இருக்குங்களா?"

"இங்க உள்ள நம்பர்தான் இருக்கு. அது எப்படி அங்க அடிக்கும்?"

அடித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை.

வேறொரு நெட் கபேயில் இருந்த பெண் பொறுமையாக உதவி செய்தாள். எங்கள் பக்கத்தைத் திறந்தாள். திறப்பது எளிது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அழிக்கத்தான் கடவுச்சொல் வேண்டும். அது கனடா போன ஐயாவின் நோட்டுக் கொப்பியில் இருந்தது. மறந்துபோனால் கேட்கலாம் என்று ஓர் இடம் இருந்தது. கேட்டோம். அனுப்பிவிட்டோம் என்றது. எங்கே என்றால் பூட்டிய கடையின் இமெயிலுக்கு. தளத்துக்காரருக்கே ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அந்தப் பெண் அழகான ஆங்கிலத்தில் எழுதினாள். உடனே பதில் வந்தது. நன்றி சொல்லி, பதிவு செய்த இமெயிலிலிருந்து எழுதுமாறு கேட்டிருந்தது. மறுபடி எழுதினோம். அதே பதில், ஓர் எழுத்து மாறாமல்.

"இது ஆள் எழுதுறதில்ல அண்ணா, மிசின்" என்றாள் அவள்.

"அப்ப ஆள் எங்க இருக்கு?"

அவள் பக்கத்தை மூடிவிட்டு, இருந்த நேரத்துக்குக் காசு கணக்குப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். துரை எவ்வளவு கடுமையானவராக இருந்தாலும் அவருக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது, ஆபீசுக்கு ஒரு வாசல் இருக்கிறது. காலையிலிருந்து அந்த வாசலில் நின்றால் மத்தியானத்திலாவது வெளியே வருவார். திட்டுவார், அப்புறம் கேட்பார். கங்காணிக்குக்கூட முகம் இருந்தது. இந்தத் தளத்தில் நான் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. நடுவில் ஆள் இல்லை என்றுதானே ஆசைப்பட்டு வந்தேன். சொன்னபடியே யாரும் இல்லை.

நான் எழுதச் சொன்னது அங்கேயே இருந்தது. அதைப் பார்த்து யாரோ எழுதிக் கேட்டிருப்பார்கள், பதில் வராது. பதில் வராவிட்டாலும் சிலர் வந்துவிடுவார்கள். வழியைத்தான் படி எண்ணிச் சொல்லியிருந்தோமே.

எனக்குத் தெரிந்த ஒரே வழி முடக்கில் நிற்பதுதான். மத்தியானத்திலிருந்து கடைசி பஸ் வரை மடுவத்தின் படியில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளை முகம் இறங்கினால் எழுந்து போய், இடமில்லை, நோய் இருக்கிறது, வீடு இடிந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். இரண்டு வாரத்தில் மூன்று பேரைத் திருப்பினேன். ஒருவன் கையில் அச்செடுத்த தாள் இருந்தது, அதில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கால் அரிக்கத் தொடங்கியது. கண்டியில் ஒரு வேலை இருப்பதாக ஒருவன் சொன்னான். போக முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், நாலரை பஸ்ஸில் அக்கா மகள் மட்டும் இறங்கினாள். வெள்ளைக்காரர் யாரும் இல்லை என்று நிம்மதியாக இருவரும் படியேறினோம். லயத்து முனை திரும்பியதும் அவள் நின்றுவிட்டாள்.

எங்கள் இஸ்தோப்பில் இரண்டு பெரிய பைகள் நனைந்து கிடந்தன.

அவர்கள் பஸ்ஸில் வரவில்லை. காலையில் மலையின் மறுபக்கமாக ஏறி, பனியில் வழி தவறி, தேயிலைக்குள்ளாக இறங்கியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும். நான் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பின்னால், மேலேயிருந்து, வந்து சேர்ந்திருக்கிறார்கள். கையில் எங்கள் பக்கத்தின் தாள். அந்தப் பெண் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். காலெல்லாம் அட்டை கடித்த இரத்தம். காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டது.

"அக்கா, என்ன வேல பாத்திருக்க? தொரை சொன்னது மறந்துருச்சா?"

அக்கா தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "நீ போயி அந்தப் புள்ளைய தேயிலைக்குள்ள தள்ளிட்டு வா. நான் மாட்டேன்."

"கடைசி பஸ் இருக்கு. ஏத்திவிட்டுருவோம்."

"நிக்க முடியலடா அதுக்கு. பஸ்ஸுல எப்படி நிக்கும்?"

கடைசி பஸ்ஸுக்குப் போய்ப் பார்த்தேன். மண் சரிந்து பஸ் வரவில்லை. அவர்கள் தங்கினார்கள். யாருக்கும் தெரியாமல் விடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று இருந்தோம். ஆனால் அந்த மனுசன் எங்களுக்கு முன் எழுந்து, பல் துலக்கப் பீலிக்குப் போய்விட்டான். பெரட்டுக்குப் போகிற நேரம். கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் கையசைத்துக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறான், வாய் நிறைய நுரையோடு.

இந்தத் தடவை தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போனோம். தொழிற்சங்கத்துக்காரர், பேசத் தெரிந்தவர். காய்ச்சல், மழை, மண்சரிவு எல்லாம் சொன்னார். துரை முழுவதும் கேட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார். கொழும்பில் கம்பெனிக்குப் பதில் எழுத வேண்டியவர் அவர்.

"நான் சொன்னது சொன்னதுதான். இல்லாட்டி நாளைக்கு பன்னிரண்டு காம்பராவும் இதச் செய்யும்."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "பொம்பள எப்படியும் அடுத்த வருசம் பென்சன்ல போயிரும், ஐயா. அப்புறம் எங்க போவாங்க? ஒரு வழி சொல்லுங்க."

துரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மலையில் கொழுந்து முற்றிக் கிடந்தது. எடுக்க ஆளில்லை, இளசுகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

"வீட்டுல ஒரு பொண்ணு இருக்குதானே? அது பேர் பதிஞ்சா காம்பராவ அது பேருக்கு மாத்தலாம். நான் எழுதிருவேன், விசயம் முடிஞ்சுது எண்டு."

"அது படிக்குதுங்க. பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம்" என்றாள் அக்கா.

"ஐயா, நான் பதியிறேன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "எங்கயும் போக மாட்டேன்."

அவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் பழைய புத்தகங்களை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை, என்னை அவருக்குத் தெரியும்.

"இவன் பேரு ரெண்டு தரம் ஏறியிருக்குங்க சார். ரெண்டு தரமும் வெட்டியிருக்கு."

துரை சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் இரண்டு கோடுகள். நான் ஓடிய மாதங்கள்.

அக்கா மகளிடம் யார் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாங்கள் இருவரும் வந்தோம். சொல்ல வேண்டியிருக்கவில்லை, லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அவள் அழவில்லை. அம்மா அழுததற்குத்தான் கோபப்பட்டாள்.

"இப்ப என்ன, பரீட்ச அடுத்த வருசமும் வரும். வீடு போனா வருமா?"

அடுத்த வருஷம் அவள் எழுதவில்லை. அதற்கடுத்த வருஷத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் அங்கேயே இருந்தேன். வேறு என்ன செய்வது? இணையத்தில் அந்தப் பக்கம் இன்னும் இருந்தது. அட்டை கடித்த அந்த இருவரும் எழுதியிருந்ததைப் பதுளை நெட் கபேப் பெண் எனக்குப் படித்துக் காட்டினாள். இருப்பதிலேயே நீளமானது அதுதான். முகம் தெரியாத எங்களுக்குத் தங்கள் சொந்த வீட்டைத் திறந்துவிட்டார்கள் என்று முடித்திருந்தார்கள். அதன் பிறகு இன்னும் அதிகம் பேர் வரத் தொடங்கினார்கள். நான் முடக்கில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம், கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நான் எழுந்து போய் வழக்கம்போல ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. தாளைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டே மடுவத்துக்குள் எட்டிப் பார்த்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கொழுந்து மூட்டையோடு அக்கா மகளும் நின்றாள். அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இந்த வீட்டில் ஒரு மாணவி இருக்கிறாளாம், ஆங்கிலம் பேசுவாளாம். அவளை உனக்குத் தெரியுமா?" அவர் கேட்டது எனக்கே விளங்கியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில், தெளிவாக, அவருக்குப் பதில் சொன்னாள். அப்படி யாரும் இப்போது அங்கே இல்லை, அடுத்த பஸ் ஐந்தரைக்கு, அதில் பதுளைக்குப் போனால் தங்க இடம் கிடைக்கும்.

அவர் நன்றி சொன்னார். கணக்கப்பிள்ளை அவள் பேரைக் கூப்பிட்டார். அவள் மூட்டையை இறக்கித் தராசில் மாட்டினாள்.